சிறிய மின்காரின் ‘பேலோட்’: தமிழில் எப்படி எழுதுவது?

அட்டனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். மரக்கறியும் கடைச் சாமானும் ஏற்றுவதற்குச் சிறிய மின்கார்களைப் பயன்படுத்தும் சிறு வியாபாரிகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘பேலோட்’ என்பதற்கு ஏற்ற சொல் கிடைக்காமல் வேலை நிற்கிறது. வாகனமும் அதில் உள்ள ஆட்களும் பொருள்களும் சேர்ந்து எவ்வளவு பாரமாக இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருக்கிறாரோ, அதிலிருந்து வெறும் வாகனத்தின் பாரத்தைக் கழித்தால் எஞ்சுவதே பேலோட். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சாக்குக்குக் கழிப்பதைப் போன்ற கணக்குத்தான்.

பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் இதைக் ‘கொள்ளளவு’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் ஆபத்தானது என்பது என் கருத்து. பின் இருக்கைகளை மடித்துவிட்டால் சிறிய காருக்குள்ளும் வியக்கத்தக்க இடம் கிடைக்கிறது. இடம் இருக்கும் வரை ஏற்றலாம் என்றே கொள்ளளவு என்ற சொல் சொல்கிறது. லீக்ஸும் கோவாவும் ஏற்றினால் பாரம் எல்லையைத் தொடுமுன் இடம் நிறைந்துவிடும். ஆனால் 50 கிலோ சீமெந்து மூட்டைகள் ஆறை வைத்தால் 300 கிலோ ஆகிவிடும். டிக்கியின் அடித்தளந்தான் மறைந்திருக்கும், மேலே பாதிக்கு மேல் வெற்றிடமாக இருக்கும். ஓட்டுநரும் உதவியாளரும் ஏறி அமர்ந்தவுடன் பல சிறிய கார்கள் எல்லையைக் கடந்துவிடும். ஆகவே இடத்தை அன்றிப் பாரத்தைக் குறிப்பதும், ஆட்களையும் உள்ளடக்குவதுமான ஒரு சொல் வேண்டும்.

கண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, இதற்குச் சொல் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. ‘பொறை’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பொறு என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் சுமத்தலையும் குறிக்கும், சுமக்கப்படுவதையும் குறிக்கும். கண்ணோட்டம் இல்லாதவர் உயிர்வாழ்வது ‘நிலக்குப் பொறை’ என்று குறள் சொல்லும்போது அது பாரம். ‘பொறையுடைமை’ என்று அதிகாரத்துக்குப் பெயர் வைக்கும்போது அது தாங்கும் பண்பு. உங்கள் கையேட்டுக்கு வேண்டிய இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

சுமை என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். சும என்னும் அடி உயிருள்ளவை தலையிலும் தோளிலும் தாங்குவதற்கே முதலில் உரியது என்று கருதுகிறேன். பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆய்மகள் பானையைச் சுமட்டின்மேல் வைத்துச் செல்கிறாள். அந்தச் சுமடுதான் நம் சும்மாடு. தலைச்சுமை உண்டு, தோட்சுமை உண்டு. வண்டி சுமப்பதாகச் சொல்வது பின்னால் வந்த வழக்காகவே இருக்க வேண்டும். சகடத்தில் பண்டத்தைப் ‘பெய்தார்கள்’, அதாவது இட்டு நிரப்பினார்கள், என்பதே பழைய நடை.

பண்டாரவளையிலிருந்து, விஞ்ஞான ஆசிரியை:

ஐயா சொல்லும் பொறை அழகான சொல். ஆனால் பத்தாம் வகுப்பில் இதைக் கற்பிக்க வேண்டியவள் என்ற முறையில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு. நிறை என்பது நியூற்றனில் அளக்கப்படும் விசை. கையேட்டில் ‘மொத்த நிறை 1,900 கிலோகிராம்’ போன்ற தொடர் வந்தால், வகுப்பில் நான் சிவப்பு மையால் அடிப்பதை அச்சிலே கொடுத்ததாகிவிடும். ‘சுமைத் திணிவு’ என்றால் பாடநூலுக்கும் பொருந்தும்.

மதுரையிலிருந்து, உறுப்பினர் ஒருவர்:

ஆசிரியை அவர்களுக்கு: நீங்கள் திணிவு என்பதை நாங்கள் நிறை என்கிறோம், நீங்கள் நிறை என்பது எங்களுக்கு எடை. உங்கள் வலு எங்கள் திறன். உங்கள் சக்தி எங்கள் ஆற்றல். ஆகவே இவற்றில் எதைச் சேர்த்துச் சொல் அமைத்தாலும் பாக்கு நீரிணையைக் கடந்தவுடன் அது வேறு பொருள் தரும் அல்லது புரியாமற் போகும். ‘சுமைத்திறன்’ என்று எவரேனும் முன்மொழிந்தால் அதையும் இதே காரணத்துக்காக மறுப்பேன்.

ஐயா ‘பெய்தல்’ பற்றிக் குறிப்பிட்டதால் புறநானூற்றின் 102ஆம் பாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. ‘சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே’ என்று ஒளவையார் சொல்கிறார். ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’ என்ன நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகர் வண்டியின் அடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, ஒன்றைக் கட்டிக்கொண்டார்களாம். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ற அந்தத் தொடர் மலையகச் சாலைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. என் பரிந்துரை ‘ஏற்றுசுமை’. வினைத்தொகை என்பதால் சகரம் மிகாது. ‘ஏற்றுச்சுமை’ என்று எழுதிவிட வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து, மரக்கறி வியாபாரி:

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் மின்காரில் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வருபவன். இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘இந்த வாகனம் எவ்வளவு பாரம் இழுக்கும்?’ என்பதுதான். பிழை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மின்மோட்டர் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், றம்பொடை வளைவுகளிலும் சத்தமில்லாமல் இழுத்துவிடுகிறது. பெற்றோல் காரில் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் இஞ்சின் திணறுவது காதில் விழும். மின்கார் அப்படி எதையும் சொல்லாது. டயரும் சுருள்வில்லும் பிரேக்கும் அமைதியாகத் தேய்ந்துகொண்டிருக்கும். எல்லை இழுப்பதில் இல்லை, தாங்குவதில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே ஓடுபவற்றில் பல ஜப்பானில் இருந்து வந்த பழைய கார்கள். அந்நாட்டுக் கணக்கில் காரின் மொத்தப் பாரம் என்பது வெறும் வாகனத்துடன் ஆளுக்கு 55 கிலோ சேர்த்தது. ஐந்து இருக்கைக்கு 275 கிலோ. சரக்கு வாகனத்துக்கு மட்டுமே ஏற்றும் அளவைத் தனியாக எழுதுவார்கள். 2011இல் வந்த மினிகேப் மீவ் என்னும் சிறிய மின்வானுக்கு அது 350 கிலோ. காரில் அப்படி ஓர் எண் இல்லாததால், அந்த 275 ஆட்களுக்கு மட்டும் உரியது, மூட்டைக்குத் தனி இடம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவே எந்தச் சொல்லை வைத்தாலும் ஆளும் மூட்டையும் ஒரே கணக்கு என்பது விளங்க வேண்டும். பாரம் என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் விளங்கும்.

பண்டாரவளையிலிருந்து, விஞ்ஞான ஆசிரியை:

நுவரெலியா நண்பர் சொல்வதைக் கணக்கும் உறுதிப்படுத்துகிறது. கண்டியைவிட நுவரெலியா ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 300 கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 1,500 கிலோ காரைத் தூக்குவதற்கு ஐந்தரைக்கு மேல் வேண்டும். 24 கிலோவாற்று மணித்தியால மின்கலவடுக்கு உள்ள காரில், மூட்டைகளுக்கான செலவு ஓட்டுநரின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேலே முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், மின்கலவடுக்கில் இடமில்லாததால் மோட்டர் சக்தியைத் திருப்பி ஏற்றுவது குறையும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி பிரேக்கின் மீது விழும். இந்த வரி கையேட்டில் இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள்.

கண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பாரம் வடசொல். அரசாங்கமே ‘பாரவூர்தி’ என்று எழுதுகிறது என்பது அதற்குத் தமிழ்ப் பிறப்புரிமை தந்துவிடாது. ஆனால் ‘இழுப்பதில் இல்லை, தாங்குவதில் இருக்கிறது’ என்று வியாபாரி சொன்ன வாக்கியம் இந்த விவாதத்தில் வந்தவற்றுள் சிறந்தது. பொறை என்பதன் பொருளும் அதுவே.

அட்டனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ‘தாங்குசுமை’ என்று அமைத்தால் என்ன? வழியோரத்துச் சுமைதாங்கிக் கல்லை அறிந்தவருக்கு இரண்டு பகுதிகளும் பழகியவை. மதுரை நண்பர் சொன்ன வினைத்தொகை விதிப்படி இங்கும் சகரம் மிகாது. முதலில் வரும் இடத்தில், ‘ஆட்களும் பொருள்களும் சேர்த்து இந்த வாகனம் தாங்கக்கூடிய பாரம்’ என்று விளக்கம் தருவேன்.

மதுரையிலிருந்து, உறுப்பினர் ஒருவர்:

எங்கள் பொறியியல் நூல்களில் தாங்கி என்பது சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு. தாங்குசுமை என்பதை அந்த உறுப்பின் மீதான சுமை என்று படிப்பார்கள். மேலும் எல்லையைக் குறிக்க ஒரு சொல்லும், இன்று ஏற்றியிருப்பதைக் குறிக்க ஒரு சொல்லும் வேண்டும். தாங்குசுமையில் அந்த வேறுபாடு இல்லை. கையேடு இலங்கையில் மட்டும் வழங்குவதென்றால் நான் தடுக்கவில்லை.

அட்டனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. எல்லைக்குத் தாங்குசுமை, அன்றன்று ஏற்றியிருப்பதற்கு ஏற்றுசுமை என்று பிரித்துக்கொள்கிறேன். பண்டாரவளை ஆசிரியையும் நுவரெலியா நண்பரும் தனிமடலில் இதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அட்டவணைகளில் திணிவு, நிறை இரண்டையும் தவிர்த்து ‘கிலோ’ என்று மட்டும் போடுகிறேன். இறக்கம் பற்றிய வரியைச் சேர்த்துவிட்டேன். பக்கங்கள் இன்றிரவு அனுப்பப்படும்.

பண்டாரவளையிலிருந்து, விஞ்ஞான ஆசிரியை:

அனுப்புமுன் ஒன்று. ஐரோப்பிய முறையில் வெறும் வாகனக் கணக்கிலேயே ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்ந்துவிடுகிறது. வேறு கணக்குகளில் அப்படியில்லை. ஒவ்வொரு வாகனத்தின் தாங்குசுமைக்கும் எதிரே ஓட்டுநர் உட்பட்டவரா இல்லையா என்று குறிப்பிடுங்கள்.

கண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் வாக்கு பொறைக்கே. குழுமத்தின் சொற்றொகுதியில் தாங்குசுமைக்குப் பக்கத்தில் அதையும் பதிந்து வையுங்கள்.