மயக்க மருந்தில் ‘நான்’ எங்கே போனேன்? – உறுப்பினர் அனுபவங்கள்

தண்ணீர்மலை அக்கா (பினாங்கு):

பினாங்கில் 28 ஆண்டுகள் அறுவை சிகிச்சை அறைத் தாதியாக இருந்தேன். மயக்க மருந்து ஏறும் அந்த அரை நிமிடம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வந்த பழக்கம்.

அந்த மருந்து பார்ப்பதற்குப் பால் போலவே இருக்கும். சோயா எண்ணெய் கலந்த புரோபோஃபால். ரத்தக் குழாயில் ஏறும்போது சிலருக்குக் கை எரியும். என் விரல்களை இறுக்குவார்கள். மலாய்ப் பெரியவர் கலிமா சொல்வார். நம்மவர்கள் ‘முருகா’ என்பார்கள். பலருக்கு அது ‘முரு’ என்பதோடு நின்றுவிடும், பிடி தளரும். இதயம் துடிக்கிறது, உள்ளங்கை சூடாக இருக்கிறது, ஆள் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து எழுப்பினால் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி, “பெலும் முலா கா?” இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்கிறார்கள்! தையல் போட்டு, கட்டுக் கட்டி, தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தாகிவிட்டது.

இந்தக் கேள்வி என் பக்தியைப் பல ஆண்டுகள் உறுத்தியது. சிறுவயதில் சமய வகுப்பில் ஒரு வாதம் படித்திருந்தேன். ஆழ்ந்த உறக்கத்தில் உடலும் மனமும் அடங்கிவிடுகின்றன. ஆனாலும் விழித்ததும் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்கிறோம். ஒன்றும் தெரியாததைத் தெரிந்துவைத்திருந்தது யார்? உள்ளே ஒரு சாட்சி தூங்காமல் இருந்திருக்கிறது, அதுவே ஆன்மா, அதுவே கடவுள் என்று வேதாந்திகள் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாதம். ஆனால் சுகமாகத் தூங்கினேன் என்று சொல்லும் நோயாளிகள் சிலர்தான். மற்றவர்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. அவர்களுடைய சாட்சி எங்கே போனது? பதினைந்து மில்லி மருந்துக்கு அடங்கிப்போகும் ஒன்றையா இத்தனை நாள் கடவுள் என்று கும்பிட்டேன்?

பிறகு எனக்கே பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. மேசையில் படுத்து, அந்தப் பெரிய வட்ட விளக்கை முதன்முறையாகக் கீழிருந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று சொன்னேனா என்று தெரியாது. அடுத்த கணம் இளம் மலாய்த் தாதி ஒருத்தி என் தோளைத் தட்டி, “ஆன்ட்டி, புக்கா மாத்தா” என்றாள். கண்ணைத் திறக்கச் சொல்கிறாள். நானே ஆயிரக்கணக்கானோரிடம் சொன்ன சொல். இரண்டுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே இருட்டுகூட இல்லை. இருட்டு என்றால் அதைப் பார்க்கவும் ஒருவர் வேண்டுமே.

வீடு திரும்பியதும், சைவ சித்தாந்தம் கற்பிக்கும் பெரியவர் ஒருவரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “உயிர் தானாகவே அறியும் என்று நம் சித்தாந்தம் எங்கே சொன்னது அம்மா? உயிர், அறிவித்தால் அறிவது. கண்ணுக்குப் பார்வை இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டால் அந்தப் பார்வை எதைக் காணும்? அறிவை மறைக்கும் ஆணவ இருளில் உயிர் ஒன்றும் அறியாமல் கிடப்பதைத்தான் கேவல நிலை என்கிறோம். உங்கள் மேசையில் நடந்தது அதன் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். என் உணர்வே கடவுள் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். உணர்வு எனக்கு இரவலாக வந்தது. இரவல் கொடுத்தவரைத்தான் இப்போது கும்பிடுகிறேன்.

அறிவியல் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் படித்து, 0 முதல் 100 வரை எண் காட்டும் கருவி இருக்கிறது. விழித்திருப்பவருக்கு எண் நூறை ஒட்டி நிற்கும். அறுவையின்போது 40க்கும் 60க்கும் நடுவே வைத்துக்கொள்வார்கள். மயக்கத்தில் கிடப்பவரின் காதில் விழும் ஒலிக்கு மூளையில் கேட்கும் பகுதி அசைந்துகொடுக்கிறது. ஆனால் அந்தச் செய்தி மற்றப் பகுதிகளோடு கலந்து பேசுவதில்லை. ஒலி வந்து சேர்ந்தது, கேட்பவர் இல்லை. இதை மருத்துவர் ஒருவர் விளக்கியபோது, பெரியவர் சொன்ன கண்ணும் விளக்கும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் ஒருவரின் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து எத்தனை கோடிப் பேரை மயக்கி எழுப்பியிருக்கிறோம்! எதனோடும் எளிதில் சேராத செனான் வாயுகூட மனிதரை மயக்குகிறது. எந்த மருந்து நரம்பணுவின் எந்த வாயிலில் போய் உட்காருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிட்டது. அங்கே அது உட்கார்ந்தால் ‘நான்’ ஏன் அணைந்துபோகிறேன் என்பது இன்னும் முடியாத வழக்கு. அந்த இடைவெளியில் கடவுளைக் கொண்டுபோய் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. நாளை விடை கிடைத்தால் அவரை எழுந்திருக்கச் சொல்ல வேண்டிவரும். விளக்கு எப்படி எரிகிறது என்று முழுவதும் தெரிந்த பிறகும் ஏற்றியவருக்கு நன்றி சொல்லத்தான் போகிறேன்.

செந்தூல் தம்பி (கோலாலம்பூர்):

அக்கா, உங்கள் மேசையில் உணர்வு போய்விட்டது. எனக்கு நடந்தது வேறு. உணர்வு முழுதாக இருந்தது, வலி மட்டும் வரவில்லை.

மகளுக்குக் கால் சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு பத்துமலையில் காவடி எடுத்தேன். ஆற்றங்கரையில் குளித்து நின்றபோது உடல் நடுங்கியது. நான் பல் மருத்துவரின் ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்பவன். உறுமி வேகமெடுத்தது. சாம்பிராணிப் புகை. அலகு கன்னத்தில் நுழைந்ததை ஒரு குளிர்ச்சியாக மட்டும் உணர்ந்தேன். நாக்கில் இரும்புச் சுவை தெரிந்தது. முதுகில் கொக்கியில் ஆடிய எலுமிச்சம்பழங்களின் கனம் தெரிந்தது. 272 படிகளில் கால் எங்கெங்கே வழுக்கியது என்பதுகூட இன்றைக்கும் நினைவிருக்கிறது. வலி மட்டும் இல்லை.

மாமா மகன் மருந்தியல் படித்தவன். அவன் சொன்னான்: “அண்ணே, 1965லேயே மெல்சாக், வால் என்ற இருவர் சொல்லிவிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, மூளை நினைத்தால் அதைச் சாத்திவிடலாம். 1975இல் மூளையே சுரக்கும் அபின் போன்ற பொருளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். முருகனுக்கு இதில் வேலை இல்லை.” அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. கதவு இருக்கட்டும், அபின் இருக்கட்டும். ஆனால் அடுத்த மாதம் பல் பிடுங்கப் போனபோது அதே கதவைச் சாத்த நானும் படாதபாடு பட்டேன், அது அசையவில்லை. காவடியில் நான் எதையும் சாத்தவில்லை அக்கா. மகளின் காலை நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பெரியவர் சொன்ன ‘அறிவித்தால் அறிவது’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு உடனே அதுதான் தோன்றியது. அறிவிக்காமல் விடுவதும் அவர் கையில்தானே?

மகள் இப்போது நடக்கிறாள். சிறு நொண்டல் உண்டு.

பட்டர்வொர்த் ஆசிரியர்:

நான் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

1998இல் கிறிஸ்டோஃப் காக் என்ற மூளை ஆய்வாளரும் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். உணர்வு பிறக்கும் நரம்புத் தடத்தை 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்றார் காக். 2023இல் எல்லோர் முன்னிலையிலும் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு பெட்டி ஒயின் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். தோற்றதை நாள் குறித்து ஒப்புக்கொள்கிற துறை அது. நம் சமயச் சொற்பொழிவாளர் எவரும் அப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. என் மனைவிக்கு மூளையில் ரத்தக் கசிவு. 40 நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூச்சு தானாக வந்தது, விரலில் நகம் வளர்ந்தது, நானே வெட்டிவிட்டேன். அம்மா, நீங்கள் இரவல் என்கிறீர்கள். இரவல் கொடுத்தவர் உடலை இங்கே வைத்துவிட்டு ஆளை மட்டும் ஏன் திரும்ப எடுத்துக்கொண்டார்? உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. 40 இரவு கேட்டுப் பழகிப்போன கேள்வி.

தண்ணீர்மலை அக்கா (பினாங்கு):

ஆசிரியர் ஐயா, என்னிடம் பதில் இல்லை. பெரியவர் இருந்திருந்தால் வினை என்று ஏதாவது சொல்லியிருப்பார். நகம் வெட்டிவிட்டவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மயக்கம் தெளியும் அறையில் எங்கள் முதல் வேலை பெயர் சொல்லி அழைப்பது. தந்தை பெயரும் சேர்ந்து நீண்டிருக்கும் அடையாள அட்டைப் பெயருக்குச் சிலர் அசையவே மாட்டார்கள். வெளியே போய் உறவினரிடம், வீட்டில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்டு வருவேன். ‘பாப்பா’ என்பார்கள், அறுபது வயது அம்மாவை. காதருகே குனிந்து ‘பாப்பா’ என்றால் இமை துடிக்கும். ‘அறிவித்தால் அறிவது’ என்று எப்போது கேட்டாலும் அந்த இமைதான் என் கண்முன் நிற்கிறது.

உங்கள் வீட்டம்மாவை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

பட்டர்வொர்த் ஆசிரியர்:

பெயர் சொல்லி அழைத்ததே இல்லை அம்மா. 36 ஆண்டுகளும் “இந்தாம்மா” என்றுதான். அவரும் என்னை “என்னங்க” என்றுதான்.

பதினோராம் நாள் இரவு, அறையில் வேறு யாரும் இல்லாதபோது, முதன்முதலாகப் பெயர் சொன்னேன். எனக்கே வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. கண் திறக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டேன். கடைசி நாள் வரை கூப்பிட்டேன்.