மகள் வீட்டில் 75 நாள்: இன்சுலின், பூட்டிய வீடு, நீண்ட விமானப் பயணம்

கேள்வி

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு முதல்முறையாக நானும் மனைவியும் மகள் வீட்டில் 75 நாள் தங்கிவரக் கிளம்புகிறோம். எனக்கு 68, அவருக்கு 64. மேற்கு நோக்கிய பயணம். நேர வித்தியாசம் 10 மணி. வழியில் ஒரு விமானம் மாற வேண்டும். நான் தினமும் இரவு 10 மணிக்குக் கிளார்ஜின் இன்சுலின் போடுகிறேன், சாப்பாட்டோடு மெட்ஃபார்மின். மனைவிக்கு ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் உண்டு. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது? இரண்டரை மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அங்கே போன பிறகு நாட்களை எப்படி அமைத்துக்கொள்வது?

பதில் 1

மருந்தை முதலில் முடித்துவிடுங்கள் சார், மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் இரவு 10 மணி, அங்கே பகல் 12 மணி. விமானத்தில் ஒரு கைக்கடிகாரத்தை வீட்டு நேரத்திலேயே ஓடவிட்டு, அதில் இரவு 10 ஆகும்போது ஊசி போடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு முதல் ஊசி பகல் 12-க்கு. அடுத்தடுத்த நாட்களில் 2, 4, 6, 8 என்று இரண்டிரண்டு மணி நேரம் தள்ளினால் ஆறாம் நாள் அங்கேயும் இரவு 10-க்கு வந்துவிடும். ஒவ்வொரு இடைவெளியும் 26 மணி நேரம் என்பதால் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம்; அந்த ஐந்து நாளும் கூடுதலாக ஒருமுறை சோதியுங்கள். போன அன்றே இரவு 10-க்குப் போடுவோம் என்று விட்டால் இடைவெளி 34 மணி நேரம் ஆகிவிடும், அதுதான் தவறு. இந்த அட்டவணையைத் தாளில் எழுதி, கிளம்ப இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அவர் சொன்னால் மட்டும். மெட்ஃபார்மினுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், சாப்பாடு வரும்போது அதுவும்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். அங்கே உறைந்துபோக வாய்ப்புண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். குளிர்ப்பையில் ஐஸ் பொட்டலம் இன்சுலின் பேனாவை நேராகத் தொடக்கூடாது, நடுவில் ஒரு துண்டு வையுங்கள். திறந்த கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். திறக்காதவை மகள் வீட்டு ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், பின்சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். விமானத்தில் ஊசிமுனையைப் பேனாவிலேயே மாட்டி வைத்தால் அழுத்த மாற்றத்தில் காற்றுக்குமிழி புகும், அளவு குறைந்துபோகும். போட்டதும் கழற்றிவிடுங்கள், அடுத்த முறை 2 யூனிட்டை வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மருந்து 90 நாளுக்கு வேண்டும், 75-க்கு அல்ல. விமானம் ரத்தாவதும் தங்கல் நீள்வதும் நடக்கக்கூடியவை. எத்தனை நாள் மருந்து கொண்டுபோகலாம், எந்த மாத்திரைக்குத் தடை என்பது நாட்டுக்கு நாடு மாறும், குறிப்பாகத் தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும். தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். இருவர் மருந்தையும் பாதிப் பாதியாகப் பிரித்து இருவர் கைப்பையிலும் வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம். பெயரும் காலாவதித் தேதியும் போகும்படி அட்டையை வெட்டாதீர்கள். மருத்துவர் கடிதத்தில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்க வேண்டும், அங்கே அதே கம்பெனி கிடைக்காமல் போகலாம்.

பதில் 2

வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

பலரும் மறப்பது கழிவுநீர்க் குழாயின் வளைவு. குளியலறைத் தரை, கைகழுவும் தொட்டி இவற்றின் அடியில் தேங்கும் நீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் அது சில வாரத்தில் ஆவியாகிவிடும். கிளம்பும் காலையில் ஒவ்வொன்றிலும் ஒரு குவளை தண்ணீர், அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவிடுக்கில் சுருட்டிய துணி வையுங்கள். மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். ஓடவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் இருந்தால், மின்சாரம் நெடுநேரம் போய்ப் பனி உருகியிருக்கிறது, உள்ளே உள்ளதைச் சாப்பிடக்கூடாது.

தண்ணீர், கேஸ் முதன்மை வால்வுகளை மூடுங்கள், ஹீட்டரை அணையுங்கள். காருக்கு பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ்) கழற்றுங்கள், ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இரண்டரை மாதத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். வங்கி ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் வேலை செய்கிறதா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். ஓய்வூதிய உயிர்ச்சான்று மாதம் இந்த 75 நாளுக்குள் விழுந்தால் அதையும் இப்போதே பாருங்கள்.

பயணக் காப்பீட்டில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காதீர்கள். பிரீமியம் குறையும் என்று மறைத்தால், தேவைப்படும் நாளில் பணம் தர மறுப்பதற்கு அதுவே காரணமாகும்.

பதில் 3

அம்மாவுக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கை கட்டாயம். நீர் மாத்திரையைப் பயண நாளில் எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். தானாக நிறுத்த வேண்டாம், கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலும் இருக்க வேண்டாம். அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறை உதவும், ஆனால் கால் ரத்தநாளத்தில் அடைப்பு இருப்பவர் கேட்காமல் போடக்கூடாது. சக்கர நாற்காலி வேண்டுமானால் 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். விமானம் மாற மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான். 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74 வாட்-மணி, பொது வரம்பான 100-க்குள் வரும்.

போன பிறகு உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். முதல் வாரம் சுற்றுலா வைக்காதீர்கள். மாலை வெளிச்சத்தில் நடங்கள், பகல் தூக்கம் அரைமணிக்குள். முதல் மூன்று நாள் பேரப்பிள்ளையைத் தனியாகப் பார்க்கும் பொறுப்பை ஏற்காதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு. எனக்குப் பெரிய கவலை விழுவதுதான். இரவில் எழுந்ததும் பழைய வீட்டு நினைப்பில் கால் இடதுபுறம் திரும்பும், அங்கே மாடிப்படி இருக்கும். முதல் நாளே படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, குளியலறையில் ரப்பர் அடி விரிப்பு, இரண்டையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நேரம் எது, உங்களுக்கான நேரம் எது என்று டிக்கெட் எடுக்கும் முன்பே மகளிடமும் மருமகனிடமும் பேசுங்கள். நடுவில் மூன்று நான்கு நாள் நீங்கள் இருவர் மட்டும் வேறு ஊருக்குப் போய்வருவது இரு வீட்டாருக்கும் நல்லது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. திரும்பும்போது இன்சுலின் அட்டவணையை அப்படியே தலைகீழாகப் போடலாமா?

பதில் 1

வந்த பிறகு மாற்றப் பார்த்தால் சிக்கல். அங்கத்திய இரவு 10 மணி, வீட்டில் காலை 8. அதிலிருந்து இரண்டிரண்டு மணியாகப் பின்னுக்கு இழுத்தால் விடிகாலை 4, நள்ளிரவு 2 என்று அலாரம் வைத்து எழ வேண்டியிருக்கும். அதனால் கிளம்ப ஐந்து நாள் முன்பே அங்கே தொடங்குங்கள்: இரவு 8, மாலை 6, 4, பகல் 2, 12. கடைசி நாளின் பகல் 12, வீட்டு இரவு 10. பிறகு விமானத்திலும் வீட்டுக் கடிகாரப்படியே. இந்த முறை இடைவெளி 22 மணி நேரமாகச் சுருங்குவதால் சர்க்கரை தாழும் பக்கம்தான் ஆபத்து. குளுக்கோஸ் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இந்த இரண்டாவது தாளையும் மருத்துவரிடம் அதே நாளில் காட்டிவிடுங்கள்.