இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி: ‘எதிர்ப்பொருள்வழித் திசுச்சாயமேற்றம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

திசுவில் குறிப்பிட்ட ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பதை நிறத்தால் காட்டும் சோதனை இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. அதற்கு ‘நோயெதிர்ப்புத் திசுவேதியியல்’ என்ற சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. மூலச்சொல்லின் மூன்று உறுப்புகளையும் வரிசை மாறாமல் தமிழாக்கியிருக்கும் அச்சொல்லில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆயினும், திசுநோயியல் அறிக்கை எழுதுவதையே அன்றாடப் பணியாகக் கொண்டவள் என்ற முறையில், அச்சொல் படிப்பவரை வேறு திசைக்கு அழைத்துச் சென்றுவிடும் என்ற என் கவலையைச் சொல்லியாக வேண்டும். முதுகெலும்பருகே கட்டி வந்திருந்த ஒருவருக்காக நானே எழுதிக் கொடுத்த தமிழ் விளக்கக் குறிப்பில் ‘நோயெதிர்ப்பு’ என்ற சொல்லைப் படித்த அவருடைய மகள், “அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோய்விட்டதா, டாக்டர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. பிழை என் சொல்லில் இருந்தது.

இச்சோதனையில் நோயாளியின் எதிர்ப்பாற்றலுக்கு எந்தப் பங்கும் இல்லை. கட்டியிலிருந்து எடுத்த திசு ஃபார்மலினில் நிலைப்படுத்தப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாக வெட்டப்படுகிறது. ஃபார்மலின் பிணைத்து மறைத்துவிட்ட புரதங்களை வெளிக்கொணரச் சீவலைத் தாங்கல் கரைசலில் (பஃபர்) சூடேற்றுகிறோம். பிறகு, முயலிடமிருந்தோ சுண்டெலியிடமிருந்தோ உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) அதன்மேல் இடுகிறோம். தனக்குரிய புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அது போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பெராக்சிடேஸ் நொதியைச் சுமந்த இரண்டாம் எதிர்ப்பொருள் ஒட்ட, அந்த நொதி நிறமற்ற வேதிப்பொருள் ஒன்றைப் பழுப்பாக மாற்றுகிறது. கடைசியில் ஹீமடாக்சிலின் என்ற நீலச் சாயத்தை இட்டால், நுண்ணோக்கியில் இளநீல உட்கருக்களுக்கு நடுவே தேடிய புரதம் இருக்கும் இடங்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும்.

ஆக, இங்கே புரதத்தைத் தேடிச் செல்வது எதிர்ப்பொருள்; கண்ணுக்குத் தெரிவது நிறம். ‘எதிர்ப்பொருட்சாயம்’ என்று சுருக்கமாகச் சொல்லலாமே என்ற இன்னொரு நண்பரின் கருத்து இதனாலேயே என்னை ஈர்த்தது. ஆனால் எதிர்ப்பொருள் தானே ஒரு சாயம் என்ற எண்ணத்தை அது தந்துவிடும். உண்மையில் எதிர்ப்பொருளுக்கு நிறமில்லை, அது வழிகாட்டி மட்டுமே. எனவே இடையில் ‘வழி’ என்பதைச் சேர்த்து, ‘எதிர்ப்பொருள்வழித் திசுச்சாயமேற்றம்’ என்று முன்மொழிகிறேன். நீளம் கூடுதல்தான், ஆனால் அந்த வாய்பாட்டை அப்படியே நீட்டிக்கொள்ள முடிகிறது. திசுவுக்குப் பதிலாகத் தனி உயிரணுக்களைச் சோதித்தால் ‘எதிர்ப்பொருள்வழி உயிரணுச் சாயமேற்றம்’. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸும் அவர் குழுவினரும் ஒளிரும் பொருளை எதிர்ப்பொருளோடு பிணைத்துத் தொடங்கிவைத்த முறைக்கு ‘எதிர்ப்பொருள்வழி ஒளிர்சாயமேற்றம்’. இலங்கை வழக்கில் எதிர்ப்பொருளுக்குப் ‘பிறபொருளெதிரி’, திசுவுக்கு ‘இழையம்’ என்ற சொற்கள் நிலைபெற்றிருப்பதை அறிவேன். திசு என்பது ஆங்கிலச் சொல்லின் ஒலிவடிவே என்பதால் இழையம் எனக்கு அதைவிடப் பிடித்த சொல்லும்கூட. அகராதியில் இரண்டு வடிவங்களையும் அருகருகே தருவதே முறை.

நரம்பு சார்ந்த கட்டிகளை எடுத்துக்கொண்டால் இன்னும் இரண்டு சொற்களைத் தெளிவாக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, நரம்பு என்ற சொல்லே. பேச்சு வழக்கில் இரத்தநாளத்தையும் நரம்பு என்கிறோம். சிரைவழி மருந்தேற்றுவதை ‘நரம்பு ஊசி’ என்றே மக்கள் அறிவார்கள். ‘நரம்புக் கட்டி’ என்று எழுதினால் கைகால்களில் புடைத்துத் தெரியும் இரத்தநாளத்தை நினைப்பவரைக் குறைசொல்ல முடியாது. இக்கட்டிகளில் பெரும்பகுதி நரம்பிழையிலிருந்து அல்லாமல் அதைச் சூழ்ந்திருக்கும் உறையின் உயிரணுக்களிலிருந்து எழுபவை என்பதால், ‘நரம்புறைக் கட்டி’ என்பது பொருத்தமாகவும் குழப்பமற்றதாகவும் இருக்கும்.

இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பவற்றை ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்று எழுதும்போது ஒன்று நல்ல செய்தி, மற்றது கெட்ட செய்தி என்ற தொனி வந்துவிடுகிறது. இங்கே நிலைமை அப்படியல்ல. இக்கட்டிகளில், இருமுனையும் கூர்ந்த கதிர்வடிவ உயிரணுக்கள் கற்றை கற்றையாக ஓடும் சீவல்கள் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எஸ்-100 என்ற புரதத்துக்கான எதிர்ப்பொருளை இட்டதும் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் அடர்பழுப்பாகி, சாக்ஸ்-10 என்ற புரதத்துக்கானதை இட்டதும் உட்கருக்கள் பழுப்பானால், அது நரம்புறையின் ஷ்வான் உயிரணுக்களிலிருந்து எழும் தீங்கற்ற கட்டியாக இருக்க வாய்ப்பு மிகுதி. நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு நரம்புறைக் கட்டியில் ஒரு பகுதி உயிரணுக்கள் மட்டுமே எஸ்-100 சாயத்தை ஏற்கும். நரம்புச்சூழ் உறைக்கட்டி (பெரிநியூரியோமா) எஸ்-100-ஐ ஏற்காமல் இ.எம்.ஏ. என்ற வேறொரு புரதத்துக்கான சாயத்தை ஏற்கும். புற்றுத்தன்மையுள்ள நரம்புறைக் கட்டியிலோ எஸ்-100 மங்கி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியலாம், அல்லது அறவே இல்லாமல் போகலாம். அவற்றுள் பலவற்றில் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்-3 புரதத்தில், 27-ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் இருக்க வேண்டிய மும்மெத்தில் என்ற வேதிக்குறியும் அழிந்திருக்கும். அதாவது, நிறம் வராததே அங்கே கெட்ட செய்தி. ஆகவே ‘சாயமேற்பு’, ‘சாயமேலாமை’ என்ற இணையைப் பயன்படுத்தலாம். ஏற்றுவது நாம், ஏற்பது உயிரணு என்ற வேறுபாட்டை ஒரு சிறு மாற்றத்தில் காட்டிவிட நம் மொழியால் முடிகிறது.

எஸ்-100-ஐ ‘நரம்புப் புரதம்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1965-இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டாலும், அப்பெயர் நூறு விழுக்காடு நிறைவுற்ற அம்மோனியம் சல்ஃபேட் கரைசலிலும் அது கரைந்திருப்பதைக் குறிக்கிறதேயன்றி நரம்பைக் குறிக்கவில்லை. மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோயும் எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டையுமே பொதுவாக ஏற்கும். ‘நரம்புப் புரதம்’ என்ற பெயரை நம்பி ஒரு மாணவர் மெலனோமாவை நரம்புறைக் கட்டி என்று எழுதிவிட நேரலாம். எஸ்-100, எஸ்-100-ஆகவே இருக்கட்டும்.

ஆன்டிஜெனுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. ‘எதிர்ப்பொருள் தூண்டி’ என்பது உடலுக்குள் நடப்பதற்குப் பொருந்தும். கண்ணாடித் தகட்டில் கிடக்கும் சீவலில் அது எதையும் தூண்டுவதில்லை, எதிர்ப்பொருள் வந்து ஒட்டும் இலக்காக மட்டுமே இருக்கிறது. இப்பொருளில் ‘இலக்குப் புரதம்’ என்று எழுதிவருகிறேன். புரதமல்லாத இலக்குகளையும் உள்ளடக்கும் சொல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.