ஆர்சி டேக்கை அழித்து அதே பெயரில் திரும்பப் போடலாமா?

காரைக்குடி_பில்டு:
வணக்கம். ஆத்தங்குடிக் கல் பட்டறைகள், பலகாரக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்று சேமிக்கும் கருவி) ஒரு கமிட்டுக்கு டேக் என்ற பெயர்ச்சீட்டு விழுந்ததும் சிஐ (தானியங்கி பில்டு சர்வர்) பில்டு எடுக்கும். இப்போதைய வழக்கம்: வி2.4.0-ஆர்சி1 என்று டேக் (ஆர்சி என்பது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு). சோதனையில் பிழை வந்தால் அதை அழித்துவிட்டு, திருத்திய கமிட்டில் அதே பெயரில் திரும்பப் போடுகிறோம். பெரிய பிழை வந்தால் மட்டும் எண் ஏறும்.

சர்வரில் டேக் மாறியும் சோதிப்பவர் கணினியில் பழையதே நிற்கிறது. பட்டியலில் ஆர்சி10, ஆர்சி2-க்கு முன்னால் வருகிறது. எங்கள் கணினியில் ஒழுங்காக ஓடும் கிட் டிஸ்கிரைப் (அருகிலுள்ள டேக்கை வைத்துப் பதிப்பின் பெயர் சொல்லும் கட்டளை), சிஐயில் மட்டும் டேக்கே இல்லை என்று நின்றுவிடுகிறது. கூடவே ஒன்று: கடைசி ஆர்சி தேறிவிட்டால் அந்த ஃபைலையே 2.4.0 என்று கொடுப்பதா, புதிதாக பில்டு எடுப்பதா?

தேவகோட்டை_மெர்ஜ்:
முதல் சிக்கலில் கிட் மேல் குற்றமில்லை தம்பி. கையில் ஏற்கெனவே ஒரு டேக் இருந்தால் வெறும் ஃபெட்ச் (சர்வரிலிருந்து புதியவற்றை இறக்கும் கட்டளை) அதைத் தொடாது, சத்தமும் போடாது. 2018 டிசம்பரில் வந்த கிட் 2.20 முதல், --டேக்ஸ் கொடுத்தாலும் மேலெழுத மறுத்துவிடும். --ஃபோர்ஸ் சேர்த்தால்தான் மாறும். அதாவது ஒரே பெயரில் ஆளுக்கொரு கமிட். 'ஆர்சி1-ல் ரவுண்டு ஆஃப் தப்பு' என்று சோதிப்பவர் எழுதினால் எந்த ஆர்சி1 என்று யாருக்குத் தெரியும்?

பேரேட்டில் தப்பாக விழுந்த பற்றை யாரும் சுரண்டி அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம். இங்கேயும் அதே கணக்கு: வெளியே போன டேக்கைத் தொடாதீர்கள், ஒரு வரி மாறினாலும் அடுத்த எண். எண்ணுக்குக் காசா பணமா? லினக்ஸ் கெர்னலே பெரும்பாலும் ஆர்சி7 வரை போகிறது, சில நேரம் ஆர்சி8. உங்கள் கிட் சர்வர் கிட்லேப் என்றால் வி* என்ற வடிவத்தை 'பாதுகாக்கப்பட்ட டேக்' ஆக்கிவிடுங்கள். யாரும் தவறிக்கூட நகர்த்த முடியாது.

டேக் போடும்போது -ஏ (குறிப்புடன் கூடிய டேக்) கொடுக்கிறீர்களா? அது இல்லாமல் போட்டால் வெறும் சுட்டி. போட்டவர் பெயர், தேதி, குறிப்பு எதுவும் அதில் நிற்காது. கிட் டிஸ்கிரைப் இயல்பாக -ஏ டேக்குகளை மட்டுமே பார்க்கும். புஷ்ஷில் (சர்வருக்கு அனுப்பும்போது) --ஃபாலோ-டேக்ஸ் கொடுத்தாலும் அவை மட்டும்தான் போகும்.

பள்ளத்தூர்_செம்வர்:
வரிசைச் சிக்கலுக்கு வருகிறேன். ஆர்சி10 என்று ஒட்டி எழுதாமல் ஆர்சி.10 என்று புள்ளி வையுங்கள். செமாண்டிக் வெர்ஷனிங் 2.0.0 என்ற பதிப்பெண் விதிப்படி புள்ளிகளுக்கு நடுவே வெறும் எண் இருந்தால் எண்ணாக ஒப்பிடும். எழுத்தோடு ஒட்டியிருந்தால் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு 10-ஐ 2-க்கு முன்னால் தள்ளிவிடும்.

ஆனால் கிட் டேக் பட்டியல் புள்ளி வைத்தாலும் அகரவரிசையில்தான் வரும். --சார்ட்=வி:ரெஃப்நேம் கொடுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: 2.4.0-க்குப் பிறகு அதன் ஆர்சிகளை அடுக்கும். கிட் கான்ஃபிகில் வெர்ஷன்சார்ட்.சஃபிக்ஸ் என்பதற்கு -ஆர்சி என்று மதிப்பு கொடுத்தால் ஆர்சிகள் முன்னால் வந்துவிடும்.

டெபியன் லினக்ஸ் பேக்கேஜும் கொடுப்பதாக இருந்தால் அங்கே ஹைஃபன் உதவாது, 2.4.0~ஆர்சி1 என்று டில்டே வேண்டும், டில்டேதான் 2.4.0-ஐ விடச் சின்னது என்று கணக்காகும். கிட் டேக் பெயரிலோ டில்டே செல்லாது. ஆகவே சிஐ ஸ்கிரிப்டில் ஒரு மாற்று வரி கட்டாயம்.

கோட்டையூர்_பைப்லைன்:
சிஐ டிஸ்கிரைப் நிற்பதற்குக் காரணம் மேலோட்டமான குளோன், அதாவது முழு வரலாறும் இறங்காத நகல். கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்‌ஷன் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். ஃபெட்ச்-டெப்த் 0 கொடுங்கள். கிட்லேபில் புது ப்ராஜெக்ட்டுக்கு 20 கமிட்தான் இறங்கும், அங்கே கிட்_டெப்த் 0 கொடுங்கள். கிட்ஹப்பில் இன்னொன்று: ஒரே புஷ்ஷில் மூன்றுக்கு மேல் டேக் போனால் டேக் பில்டு எதுவுமே கிளம்பாது. கிட் புஷ் --டேக்ஸ் பழக்கத்தை விடுங்கள், பெயர் சொல்லி ஒவ்வொன்றாக அனுப்புங்கள்.

கடைசிக் கேள்விக்கு: சோதித்த ஃபைலையே கொடுங்கள். திரும்ப பில்டு எடுத்தால், லாக் ஃபைலில் பதிப்பு பூட்டப்படாத ஒரு சார்பு (நாம் பயன்படுத்தும் வெளி நூலகம்) இடையில் மாறியிருக்கலாம். சோதிக்காத ஒன்று கடைக்குப் போகும்.

தேவகோட்டை_மெர்ஜ்:
அண்ணே, பில்லின் அடியில் 'ஆர்சி.3' என்று அச்சாகுமே? கடைக்காரர் கேட்பார்.

கோட்டையூர்_பைப்லைன்:
அதனால்தான் ஆர்சி என்ற சொல்லை ஃபைலுக்குள் புதைக்கக் கூடாது. உள்ளே 2.4.0-வும் கமிட் ஹேஷும் (கமிட்டின் அடையாள எண்) மட்டும். ஆர்சி.3 என்பது டேக்கிலும் இறக்கும் ஃபோல்டர் பெயரிலும் இருந்தால் போதும். தேறியதும் அதே கமிட்டில் வி2.4.0 டேக், ஃபைலை ரிலீஸ் ஃபோல்டருக்கு நகல், இரண்டின் எஸ்எச்ஏ256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒன்றுதானா என்று ஒப்பீடு. இறுதி டேக்குக்கு சிஐ பில்டு ஓடக் கூடாது, நகல் வேலை மட்டும். ஒரே கமிட்டில் இரண்டு -ஏ டேக் இருந்தால் டிஸ்கிரைப் தேதியில் புதியதைத்தான் சொல்லும், குழம்பாது.

காரைக்குடி_பில்டு:
நன்றி அண்ணே. ரிலீஸ்/2.4 கிளை பிரித்து ஆர்சிகளை அங்கே போடுகிறோம். முதன்மைக் கிளையான மெயினில் டிஸ்கிரைப் இன்னும் 2.3.0 என்றே காட்டுகிறதே?

பள்ளத்தூர்_செம்வர்:
காட்டத்தான் செய்யும். கிளையில் இருக்கும் டேக், மெயினின் முன்னோர் வரிசையில் இல்லை. கிளை பிரித்த பிறகு மெயினில் விழும் முதல் கமிட்டிலேயே வி2.5.0-ஆல்ஃபா.0 என்று ஒரு டேக் வையுங்கள். பிரித்த அதே கமிட்டில் வைத்தால் கிளையும் 2.5.0 என்று சொல்லிவிடும். திருத்தத்தை முதலில் மெயினில் செய்து, செர்ரி-பிக் -எக்ஸ் கொடுத்துக் கிளைக்கு எடுங்கள். மூலக் கமிட்டின் ஹேஷ் குறிப்பில் நிற்கும். கிளைக்கு மட்டும் வி2.4.0 என்று பெயர் வைத்துவிடாதீர்கள், டேக்கும் கிளையும் ஒரே பெயர் என்றால் பல கட்டளைகளில் கிட் எச்சரித்துவிட்டு டேக்கைத்தான் எடுத்துக்கொள்ளும்.