புதுப்பிப்பு: வகுப்பில் புரிகிறது, தேர்வில் வரவில்லை – வெற்றுத்தாள் முறை கைகொடுத்தது

தெர்மோடைனமிக்ஸ் (வெப்ப இயக்கவியல்) வகுப்பில் கேட்கும்போது புரிகிறது, அண்ணா பல்கலைத் தேர்வில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை என்று போன செமஸ்டரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அரியர் கிளியர் ஆகிவிட்டது.

கைகொடுத்தது வெற்றுத்தாள் யோசனைதான்: அன்றைக்கு நடத்தியதை அன்று மாலையே நோட்டை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது. கார்னோ சுழற்சிப் படம் (இலட்சிய வெப்ப இயந்திரத்தின் நான்கு படிகள்) மனப்பாடம் என்றே நினைத்திருந்தேன். வெறும் தாளில் வரையும்போது, ஐசோதெர்மல் (வெப்பநிலை மாறாத) விரிவுக்கு அடுத்து அடியாபாட்டிக் (வெப்பம் உள்ளே வராத, வெளியே போகாத) விரிவா, சுருக்கமா என்று கை நின்றுவிட்டது. (விரிவுதான்.) ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்களின் 2006 ஆய்விலும் இதே கதை: ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்.

எதிர்பாராத ஒன்று, மாலையில் எழுதணும் என்பதாலேயே வகுப்பில் காது தானாகக் கூர்மையானது. சார் ‘இது ஏன்?’ என்று நிறுத்தும் இடங்களை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். வகுப்பை போனில் பதிவுசெய்வது எனக்கு ஒத்துவரவில்லை. திரும்பக் கேட்க யாருக்கு நேரம்?

அப்புறம் நேரக் கணக்கு சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. 180 நிமிடம், 100 மதிப்பெண். சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கினால் 13 மார்க் கேள்விக்கு 21 நிமிடம், 2 மார்க்குக்கு 3 நிமிடம். ஸ்டீம் டேபிள் (நீராவியின் அளவுகள் அடங்கிய அட்டவணை) புரட்டும் கேள்விக்கு மட்டும் இது போதாது, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.