கின்குவாவில் துப்பாக்கி இல்லாமல் நின்றேன்: பிலிப்பைன்ஸ் புரட்சிப் போர் மீள்நடிப்பு அனுபவங்கள்

லகுனாவிலிருந்து:

வணக்கம். வேலை, படிப்பு, கல்யாணம் என்று பிலிப்பைன்ஸில் வந்து தங்கிவிட்ட நம்மவர்கள் சிலர், இங்கே நடக்கும் புரட்சிக்காலப் போர் மீள்நடிப்புகளில் சேர்ந்திருக்கிறீர்கள். உடுப்பு எங்கே தைத்தீர்கள், துப்பாக்கிக்கு என்ன செய்தீர்கள், களத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புலாக்கான் மாகாணத்தில் பிளாரிடெல் என்று ஓர் ஊர். பழைய பெயர் கின்குவா. 1899 ஏப்ரல் 23 அன்று அமெரிக்கக் குதிரைப்படையின் வேவுப் பிரிவு ஒன்று, பிலிப்பைன்ஸ் குடியரசுப் படையின் பதுங்குகுழிகளுக்கு எதிரே வசமாக மாட்டிக்கொண்டது. உதவிக்கு வந்த நெப்ராஸ்கா தொண்டர் படையை முன்னால் நின்று நடத்திய கர்னல் ஸ்டாட்சன்பர்க் அங்கேயே குண்டடிபட்டு இறந்தார். பின்னாளில் கிளார்க் விமானத்தளம் வளர்ந்த இடத்துக்கு ஃபோர்ட் ஸ்டாட்சன்பர்க் என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான். ஆறு வருடத்துக்கு முன் இந்தச் சண்டையை நடித்துக்காட்டுவதைப் பார்க்க அலுவலக நண்பர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். அன்று சாயங்காலமே நானும் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரைத் தாத்தாய் என்றுதான் கூப்பிடுவோம், அப்பா என்று அர்த்தம். "முதலில் என்ன வாங்கப் போகிறாய்?" என்று கேட்டார். "மௌசர் துப்பாக்கி" என்றேன், யோசிக்கவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த பழைய புகைப்பட நகல் ஒன்றை எடுத்து வந்தார். குடியரசுப் படைவீரர்கள் வரிசையாக நிற்கும் படம். "முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்" என்றார். பார்த்தேன். பாதிக்கு மேல் வெறுங்கால். உடுப்பு ஒருவனுக்கு முழங்கை வரைதான் இருந்தது, இன்னொருவனுக்கு விரல் நுனி வரை தொங்கியது. இடுப்பில் பெல்ட்டுக்குப் பதிலாகக் கயிறு. "இந்தப் படம் எடுத்த நாளில் ஆளுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருக்கலாம். களத்தில் அப்படி இல்லை. அதை ஒழுங்காகக் காட்ட முடியாதென்றால் நாம் எதற்கு வெயிலில் நிற்கிறோம்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது உண்மை. 1896-ல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சி தொடங்கியது முதலே புரட்சிக்காரர்களுக்குத் தட்டுப்பாடு ஆயுதம்தான். ஆகஸ்ட் 30 அன்று, காத்திபூனான் என்ற ரகசியப் புரட்சிச் சங்கத்தின் தலைவர் பொனிஃபாசியோவின் ஆட்கள் சான் ஹுவானில் வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கினார்கள். போலோ கத்தியும் ஈட்டியுமாகப் போனவர்களே அதிகம். கவிட்டேயில் இமுஸ் ஊரில், சீனத்திலிருந்து வந்த கொல்லரான இக்னாசியோ பாவுவா பட்டறை அமைத்து, உடைந்த பீரங்கிகளைப் பழுதுபார்த்தார், தோட்டா செய்தார். அவர் பிறகு ஜெனரல் ஆனவர். அமெரிக்கர்களோடு போர் வந்த பிறகும் வெற்றுத் தோட்டா உறைகளைப் பொறுக்கிவந்து மறுபடி மருந்து அடைத்துத்தான் சுட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவன் விழுந்தால் அதை எடுத்துக்கொண்டு ஓட, பின்னால் வெறுங்கையோடு ஒருவன்.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முப்பது பேர் களத்தில் இறங்கினால் பதினொரு மரத் துப்பாக்கிக்கு மேல் கிடையாது. முதல் வருடம் நான் வெறுங்கை ஆள். எனக்கு முன்னால் நின்றவர் ஜீப்னி ஓட்டுநர். அவர் விழுந்ததும் நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் பின்னால் ஓட வேண்டும். இதை ஒத்திகையில் பத்துத் தடவை செய்திருந்தோம். அன்றைக்கு அவர் குப்புற விழுந்தார், நான் குனிந்து தண்டைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. வியர்வையில் மரம் வழுக்கியது. அவர் விரல்கள் அதை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி "ஐயோ" என்பதுபோல ஏதோ சொன்னது காதில் விழுந்தது. நான் ஓடியபோது அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகு வீடியோ பார்த்துத்தான் தெரிந்தது.

முடிந்ததும் ஏன் விடவில்லை என்று அவரிடம் கேட்டேன். "செத்தவன் கை எப்படித் தானாகத் திறக்கும், தம்பி?" என்றார்.

துணி விஷயத்துக்கு வருகிறேன், பலர் கேட்பது அதுதான். ராயாடில்யோ என்பது வெள்ளைப் பருத்தியில் மெல்லிய நீலக்கோடு ஓடும் துணி. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் என்று சூடான நாடுகளில் ஸ்பானியப் படை உடுத்தியது. அதையே குடியரசுப் படையும் எடுத்துக்கொண்டது. அதிகாரிகளின் சட்டை அமைப்பை ஓவியர் ஹுவான் லூனா, ஜெனரல் அன்டோனியோ லூனாவின் அண்ணன், வரைந்து கொடுத்தார் என்று சொல்வார்கள். முக்கியமானது கோட்டின் அகலம். நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் கோடு கண்ணில் படக்கூடாது, துணி முழுவதும் வெளிர்நீலமாகத் தெரிய வேண்டும். மணிலாவின் திவிசோரியா சந்தையில் கடைக்காரர் காட்டும் கோட்டுத்துணி பெரும்பாலும் மெத்தை உறைக்கானது, கோடு தடிமன். அதை வாங்கித் தைத்தால் தூரத்திலிருந்து சிறைக்கைதி மாதிரி இருக்கும். நான் மூன்று தடவை அலைந்து நாலாவது தடவைதான் சரியான துணியைப் பிடித்தேன். வெட்டுவதற்கு முன் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். பருத்தி சுருங்கும், நீலமும் இறங்கும். தைத்த பிறகு இறங்கினால் வெள்ளைக்கோடு போய்விடும்.

---

கவிட்டேயிலிருந்து:

அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் எங்கள் குழுவுக்குத் துப்பாக்கி ஏற்பாடு செய்பவன், அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

லகுனா மாகாணத்தில் பாயெத்தே என்ற ஊர் மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. தேவாலயச் சிலைகளைப் பாத்திக்கூலிங் மரத்தில் செதுக்குவார்கள். அங்கே ஒரு சிற்பியிடம்தான் எங்கள் மௌசர்களைச் செய்தோம். முதல் இரண்டும் வீண். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் கொடுத்த படம்தான் தப்பு. இணையத்தில் எடுத்த படம் பிற்கால ஜெர்மன் மௌசர். அதில் போல்ட் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஸ்பானியர்கள் இங்கே கொண்டுவந்த 1893 மாதிரி நீளத் துப்பாக்கியில் கைப்பிடி நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து தோட்டா கொள்ளும் பெட்டி மரத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அடியில் துருத்தாது. மொத்த நீளம் சுமார் 1.23 மீட்டர். பார்க்க வருபவர்களில் ஒருவருக்காவது இது தெரியும், அவர் கேட்டுவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் போச்சு.

அடுத்து எடை. அசல் கிட்டத்தட்ட நாலு கிலோ. வெறும் மரத்தில் செய்தது அதில் பாதிகூட வராது. பையன்கள் அதைக் குச்சி மாதிரி ஒற்றைக் கையில் ஆட்டுவார்கள், பார்க்கவே பொய்யாக இருக்கும். குழலுக்குப் பதில் தண்ணீர்க்குழாய் ஒன்றை உள்ளே பதித்து, அதன் பின்முனையை அடைத்துவிட்டோம். எடை வந்தது. எடை வந்ததும் நடையும் மாறியது. தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கை கீழே தாங்கிக்கொண்டு, பழைய படங்களில் இருக்கிற அதே நடை.

எல்லோருக்கும் மௌசர் கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பழைய ஒற்றைத் தோட்டா ரெமிங்டன்களும் இங்கே நிறையப் புழங்கின. 11 மில்லிமீட்டர் தோட்டா, பெரிய சத்தம், புகை. எதிர்ப்பக்கம் நெப்ராஸ்கா மாதிரித் தொண்டர் படைகள் வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டும் கரிமருந்துதான், சுட்டவுடன் வெள்ளைப்புகை எழுந்து ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மௌசரில் அது கிடையாது. பார்வையாளர்களுக்கு இந்த வித்தியாசத்தை நின்று விளக்குகிறேன். பீரங்கிச் சத்தத்துக்கு மட்டும் மூங்கில் பீரங்கி வைத்துக்கொள்கிறோம், கிராமங்களில் புத்தாண்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வெடிப்பார்களே, அதுதான்.

இப்போது முக்கியமான விஷயம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தேர்தல் ஆண்டு ஒன்றில் ஆறு மரத் துப்பாக்கிகளை வேனின் பின்சீட்டில் சாக்கில் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்தோம். ராத்திரி பத்தரை மணி, சோதனைச்சாவடி. டார்ச் வெளிச்சம் சாக்கின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த குழல்மேல் பட்டதும் எல்லோரையும் கையைத் தூக்கச் சொல்லி இறக்கினார்கள். என் கால் நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஓட்டிவந்த கூயா, அதாவது அண்ணன், மட்டும் நிதானமாகப் பேசினார். மரம் என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் மூன்று மணி நேரம் ஆனது. அவர்கள் செய்தது சரி. தேர்தல் கால ஆயுதத் தடையில் அசல் மாதிரித் தெரியும் போலித் துப்பாக்கியும் அடங்கும். 2013-ல் வந்த துப்பாக்கிச் சட்டம், குடியரசுச் சட்டம் 10591, போலியைக் காட்டிக் குற்றம் செய்தால் அதை அசலாகவே எடுத்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் மாறிவிட்டோம். நிகழ்ச்சி நடக்கும் நகராட்சியின் கடிதம், உள்ளூர்க் காவல்நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல், பூட்டுப் போட்ட மரப்பெட்டி, ஒரே வண்டி. தேர்தல் மாதங்களில் துப்பாக்கியை எடுப்பதே இல்லை, போலோவும் ஈட்டியும்தான், அதுவும் முனை மழுங்கிய மரத்தில். வெளிநாட்டில் உலோகப் பிரதி வாங்கி அனுப்பச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். எங்களில் ஒருவர் முயன்றார். பணமும் போனது, பொருளும் வரவில்லை, சுங்கத்துக்கு நாலு முறை நடந்ததுதான் மிச்சம்.

---

மாலோலோஸிலிருந்து:

நான் களத்தில் இறங்குவதில்லை, தைப்பவள். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். 1898 செப்டம்பரில் புரட்சிக் காங்கிரஸ் கூடிய பாரசோவாயின் தேவாலயம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஆகஸ்ட் மாதம் வந்தால் பள்ளிக்கூட நாடகத்துக்குக் காத்திபூனான் வீரன் உடுப்பு கேட்டு வருவார்கள். வெள்ளைச் சட்டை, சிவப்புக் கால்சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி. பொனிஃபாசியோ என்றாலே இங்கே பிள்ளைகளுக்கு அதுதான். ஆனால் அவருடையது என்று தெரிந்த ஒரே புகைப்படத்தில் அவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருக்கிறார். ராத்திரியில் ரகசியமாகக் கூடியவர்கள் எதற்குச் சிவப்புக் கால்சட்டை போடுவார்கள்? அன்றாடம் வேலைக்குப் போட்ட துணியோடுதான் போயிருப்பார்கள். நான் இப்போது பழுப்பேறிய வெள்ளைக் கால்சட்டைதான் தைத்துக் கொடுக்கிறேன், காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைக்கிறேன். இரண்டு ஆசிரியைகள் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் அடுத்த வருடம் முப்பது உடுப்பு கேட்டு வந்தார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாரின் அம்மா, எங்களுக்கு லோலா, அதாவது பாட்டி, தொண்ணூற்றிரண்டு வயதில் இருந்தபோது நான் தைத்து முடித்த ராயாடில்யோ சட்டை ஒன்றை நாற்காலியில் போட்டிருந்தேன். கண் சரியாகத் தெரியாது அவருக்கு. தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பை மூடியைத் தடவி நிறுத்தி, "கோடு சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டார். பைமூடியின் கோடும் சட்டையின் கோடும் ஒரே நேரில் ஓட வேண்டும் என்று அவருடைய அத்தை அடித்துச் சொல்லிக் கொடுத்ததாம். எனக்கு அரைக்கோடு விலகியிருந்தது. அன்றிரவே பிரித்துத் தைத்தேன்.

---

மணிலாவிலிருந்து, மருத்துவ மாணவன்:

வெளிநாட்டுக்காரன் இதில் சேரலாமா என்று தயங்குபவர்களுக்காக எழுதுகிறேன். சேரலாம், ஆனால் பெரும்பாலும் ஸ்பானியனாகவோ அமெரிக்கனாகவோ நிற்கச் சொல்வார்கள். என் நிறத்தைப் பார்த்துவிட்டு என்ன வேடம் கொடுப்பது என்று அவர்கள் சங்கடப்பட்டார்கள். நானே டேவிட் ஃபேகன் என்றேன். அமெரிக்காவின் 24-வது காலாட்படையில் இருந்த கறுப்பினச் சிப்பாய். 1899 நவம்பரில் படையை விட்டு வந்து பிலிப்பைன்ஸ் பக்கம் சேர்ந்தவர், நுவேவா எசிஹாவில் ஜெனரல் லாக்குனாவின் கீழ் கேப்டன் ஆனவர். குழுவில் பாதிப்பேர் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவர் கதையை ஐந்து நிமிடம் நான் சொல்கிறேன். அவருக்காக நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வது ஏப்ரலில் கொடுமைதான், ஆனாலும் கழற்றமாட்டேன்.

இன்னொன்று. 1762-ல் பிரிட்டிஷார் மணிலாவைப் பிடிக்க வந்த கப்பல்கள் மெட்ராஸிலிருந்துதான் புறப்பட்டன. அதில் வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் காயின்தா ஊரில் தங்கிக் குடும்பம் ஆனார்கள். அந்தச் சிப்பாய்களின் உடுப்பைச் சரியாகத் தைத்து ஒருநாள் காயின்தாவில் நிற்க வேண்டும் என்று ஆசை. யாராவது கைகோப்பீர்களா?

---

லகுனாவிலிருந்து:

தம்பி, நான் வருகிறேன். மாலோலோஸ் அக்கா, மெட்ராஸ் சிப்பாய் சட்டையை நீங்கள்தான் தைக்க வேண்டும், துணி தேடுவது என் பொறுப்பு. ராயாடில்யோவில் என்னிடம் நாலரை கெஜம் மிச்சம் இருக்கிறது, ஊறவைத்துக் காயவைத்தது. முதல்முறை களத்தில் இறங்கப்போகிறவர் யாராவது இருந்தால் அளவை அனுப்புங்கள். காசு வேண்டாம். துப்பாக்கி மட்டும் கேட்காதீர்கள், முதல் வருடம் பின்வரிசைதான்.