திரைவாசிப்பான் பயனர்களுக்காகத் தளத்தைச் சரிசெய்ய வேண்டும், எதில் தொடங்குவது?

கேட்டவர்:
வணக்கம். பயிற்சி வகுப்புகளுக்குப் பதிவு செய்யும் ஒரு தளத்தைப் பராமரிக்கிறேன். பார்வையற்ற ஒருவர், படிவத்தை முடிக்கவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். தளத்தின் அணுகல் குறைகளைப் பட்டியலிடும் ஆக்ஸ் கருவியை ஓட்டிப் பார்த்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, பெரும்பகுதி படங்களுக்கு ஆல்ட் (படத்தைச் சொல்லும் மாற்று எழுத்து) இல்லை என்பதுதான், அடுத்து நிற மாறுபாடு, அப்புறம் லேபிள் இல்லாத கட்டங்கள். நிரல் எழுத நான் ஒருவன்தான். அதிகம் இருப்பதிலிருந்து, அதாவது ஆல்ட்டிலிருந்து தொடங்கலாமா?

பதில் 1:
எண்ணிக்கையை வைத்து வரிசை போடாதீர்கள். உங்கள் தளத்துக்கு ஆட்கள் வருவது பதிவு செய்ய. அந்த வழியில் எது ஆளைத் தடுத்து நிறுத்துகிறதோ அதுதான் முதல் வேலை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளான என்விடிஏ இலவசம். விண்டோஸில் நிறுவிக்கொண்டு, மவுஸைத் தொடாமல் முகப்பிலிருந்து 'பதிவு முடிந்தது' வரை போய்ப் பாருங்கள், சிக்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்குமான மாறுபாடு குறைபார்வை உள்ளவர்களுக்கு அவசியம், டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டியின் ஏஏ நிலை சாதாரண எழுத்துக்கு 4.5:1 கேட்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் உங்களுக்கு எழுதியவரை நிறுத்தியது அது இல்லை.

பதில் 2:
தினமும் என்விடிஏவில் வேலை செய்கிறவன் நான். அலங்காரப் படத்துக்கு ஆல்ட் இல்லாவிட்டால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. படமே இணைப்பாக இருந்தால்தான் தொல்லை, இணைப்பின் முகவரியை எழுத்துக் குவியலாகப் படித்துத் தள்ளும். ஆனால் ஒரு கட்டத்துக்கு வந்ததும் 'எடிட், பிளாங்க்' என்று மட்டும் கேட்டால், அங்கே பெயர் போடுவதா கைபேசி எண் போடுவதா? மேலே எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியும், கட்டத்தோடு அதை இணைத்திருக்க மாட்டார்கள். அதைவிட மோசம், 'சமர்ப்பி' அழுத்தியதும் ஒரு சத்தமும் வராது. எங்கோ சிவப்பில் பிழைச் செய்தி வந்திருக்கும், படிவம் போனதா இல்லையா என்று தெரியாமல் நான் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்பேன். படத்திலுள்ள எழுத்தை அடிக்கச் சொல்லும் கேப்சாவுக்கு மாற்று வழி இல்லையென்றால் அங்கேயே கதை முடிந்தது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, என்விடிஏவை ஓட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே சமர்ப்பியில் மௌனம்தான். அந்தப் பட்டன் உண்மையில் ஒரு டிவ், அதாவது பட்டன் போலத் தெரியும் வெறும் பெட்டி. அதன் ரோல் பண்பில் பட்டன் என்று சேர்த்தால் போதுமா? ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓவர்லே விட்ஜெட் விற்கிறார்கள், அது உதவுமா?

பதில் 1:
ரோல் போட்டால் 'பட்டன்' என்று சொல்லும், அவ்வளவுதான். டேப் விசையில் நிற்பதையும் என்டருக்கும் ஸ்பேஸுக்கும் வேலை செய்வதையும் நீங்களே எழுத வேண்டும். ஹெச்டிஎம்எல்லின் சொந்த பட்டன் டேகைப் போட்டால் இத்தனையும் சும்மா கிடைக்கும். லேபிள் டேகின் ஃபார் பண்பில் கட்டத்தின் ஐடியைக் கொடுங்கள். பிழை வந்தால் ஃபோகஸை முதல் தவறான கட்டத்துக்கு நகர்த்தி, செய்தியை அரியா-டிஸ்கிரைப்டுபை என்ற பண்பால் அதோடு இணையுங்கள். விட்ஜெட் வேண்டாம், அந்தக் கட்டம் எதற்கு என்று அது எப்படிச் சரியாகச் சொல்லும்? அடுத்து எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்: மெனு, தலைப்பு நிலைகள், நேரே உள்ளடக்கத்துக்குத் தாவும் இணைப்பு. ஓரிடத்தில் திருத்தினால் தளம் முழுக்கச் சரியாகும். ஆல்ட் அதற்கப்புறம், தகவல் சொல்லும் படத்துக்கு விளக்கம், அலங்காரத்துக்கு வெற்று ஆல்ட்.

பதில் 2:
தலைப்புகளை ஒழுங்காக வைத்தால் ஹெச் விசையிலேயே தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போய்விடுவேன், அது பெரிய நிம்மதி. பக்கம் தமிழில் இருந்தால் மொழியைச் சொல்லும் லாங் பண்பிலும் தமிழ் என்று குறியுங்கள், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க வந்தால் ஒன்றும் புரியாது. இன்னொன்று, உங்களுக்கு எழுதியவருக்கு இன்றே பதில் போட்டு, மின்னஞ்சலிலேயே அவர் பதிவை வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் இடம் முடிந்த பிறகு படிவம் சரியாகி அவருக்கு என்ன பயன்?